பெல்காவின் நான்காவது சுற்று

மிளகுக்கு வயது 9. எடை ஐந்தரைக் கிலோ. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காதுகளைப் பார்த்தால் தெருவுக்கும் கொஞ்சம் பங்கு இருப்பது தெரியும். போன வருடம் அவளுடைய இதய வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்று கண்டுபிடித்தார்கள். சின்ன நாய்களுக்கு வயதாகும்போது பரவலாக வருகிற கோளாறுதான். தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை பரிசோதனை. மருத்துவமனை 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிரச்சினை அந்த 14 கிலோமீட்டர்தான்.

முதல் மூன்று மாதமும் பாதி வழியில் வாந்தி எடுத்தாள். நான்காவது மாதம் கார் கிளம்புவதற்கு முன்பே எச்சில் ஒழுக ஆரம்பித்தது. ஐந்தாவது மாதம், ஆணியில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை நான் எடுத்த சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போய்விட்டாள். இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. உடம்பு முழுக்க நடுக்கம். மருத்துவமனையில் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "கார்ல வந்த படபடப்பு அப்படியே இருக்கு சார். இப்ப எண்ணினா கணக்கு சரியா வராது. அரை மணி நேரம் வெளிய உக்காருங்க" என்றார். இதயத்தைப் பார்க்கத்தான் போகிறோம். போகிற வழியே அந்த இதயத்தை அடித்துப் போடுகிறது.

"இப்படி இழுத்துட்டுப் போறதுக்கு வீட்லயே இருந்தா, இருக்கிற நாளாவது நிம்மதியா இருப்பா" என்றாள் என் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஏதாவது பழுதானால் முதலில் பழைய பதிவுகளைப் புரட்டுவது என் பழக்கம். நாய்க்கு ஏன் கார் ஒத்துக்கொள்வதில்லை என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் லெனின்கிராட், மான்ட்ரியல், பால்டிமோர் என்று சுற்றி மாஸ்கோவில் போய் நின்றேன். பயண வாந்தியைப் பற்றி மனிதருக்குத் தெரிந்ததில் ஒரு பெரும்பகுதி, நாய்களை ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. மிளகுக்கு எதனால் குமட்டுகிறது என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் அவளைப் போன்ற நாய்களே. அவற்றை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

*

குமட்டலுக்கான ஆங்கிலச் சொல், கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ரொம்ப காலம் இதைக் கடலின் நோய் என்றும் வயிற்றின் நோய் என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இது காதில் தொடங்குகிறது என்று சந்தேகிக்க 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஆனது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882இல் ஒரு எளிய ஆய்வை வெளியிட்டார். காது கேளாத, பேச இயலாத 519 பேரிடம், வேகமாகச் சுழன்றால் உங்களுக்குத் தலை சுற்றுகிறதா என்று பார்த்தார். 186 பேருக்குச் சுற்றவே இல்லை. ஹார்வர்டில் ஏறத்தாழ 200 பேரிடம் இதையே சோதித்தபோது ஒரே ஒருவர்தான் தப்பினார். செவித்திறனை அழித்த நோய் காதுக்குள் இருந்த இன்னொன்றையும் சேர்த்து அழித்திருந்தது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உறுப்பு அது. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றின் அடியில் நுண்கற்கள் பதிந்த இரண்டு பைகள். நமக்கு உள்ள இதே ஏற்பாடுதான் நாய்க்கும்.

ஜேம்ஸ் சந்தேகித்ததை நாயிடம் சோதித்தவர்களில் ஒருவர் ஸ்வீடனின் ஸ்யோபெர்க். உள்காதின் அந்தப் பகுதியை அகற்றிய நாய்களை எவ்வளவு ஆட்டினாலும் அவற்றுக்குக் குமட்டவில்லை என்று 1931இல் எழுதினார். கடலோ வயிறோ மூல காரணமில்லை என்று அதற்குப் பிறகு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம் எனக்குச் சட்டென்று புரிந்தது. தினமும் நான் மேய்க்கிற விஷயம் அது. இரண்டு சென்சார்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு அளவைச் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான். காரின் பின்சீட்டில் படுத்திருக்கும் சின்ன நாயின் கண்ணுக்கு முன்சீட்டின் முதுகு மட்டுமே தெரிகிறது, அது அசைவதில்லை. காதோ, திரும்புகிறோம், குலுங்குகிறோம், நிற்கிறோம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூளை எதை நம்பும்?

சரி, குழம்பினால் குழம்பட்டும், அதற்கு ஏன் வாந்தி வர வேண்டும்? மைக்கேல் ட்ரைஸ்மன் 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார். காரும் கப்பலும் இல்லாத காலத்தில் கண்ணும் காதும் இப்படி முரண்பட ஒரு முக்கியமான காரணம்தான் இருந்திருக்கும். அது விஷம். எதையோ தின்றுவிட்டோம் என்று உடம்பு முடிவு செய்து வயிற்றைக் காலி செய்கிறது. இதைச் சோதிக்கவும் நாய்கள்தான் தேவைப்பட்டன. உள்காது அகற்றப்பட்ட நாய்கள் சில விஷங்களுக்கு முன்போல வாந்தி எடுக்கவில்லை என்று கனடாவில் மணியும் சியுங்கும் 1983இல் காட்டினார்கள். அப்படியானால் மிளகு என் பின்சீட்டில் செய்வது ஒரு பழைய தற்காப்பு. அவள் உடம்பு அவளைக் காப்பாற்றப் பார்க்கிறது. நான் துணியை எடுத்துக்கொண்டு, "ஏண்டி இப்படிப் பண்ற" என்று கத்தியிருக்கிறேன்.

*

ஆனால் காது, கார் அசைந்த பிறகுதானே வேலை செய்யும்? மிளகு சாவிச் சத்தத்துக்கே ஓடுகிறாளே? அதற்கு விடை லெனின்கிராடில் இருந்தது.

பாவ்லோவ் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த மணியும் எச்சிலும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவருடைய உரைகளின் தொகுப்பு 1927இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் கிரைலோவ் என்ற மருத்துவர் கவனித்த ஒரு விஷயம் வருகிறது. அவர் நாய்களுக்குத் தினமும் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மார்ஃபின் உடம்பில் ஏறியதும் நாய்க்கு எச்சில் ஒழுகும், குமட்டும், வாந்தி வரும், பிறகு தூங்கிவிடும். ஐந்தாறு நாள் கழிந்ததும் ஊசியே தேவைப்படவில்லை. ஊசிப் பெட்டியைத் திறப்பது, முடியைக் கத்தரிப்பது, ஸ்பிரிட் வைத்துத் துடைப்பது ஆகியவை போதுமானவையாக இருந்தன. சில நாய்களுக்கு ஊசி போடும் ஆளைப் பார்த்தாலே போதும். எச்சில், குமட்டல், வாந்தி, தூக்கம் எல்லாம் வரிசையாக வந்தன.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்தேன். சாவிக்கொத்து ஊசிப் பெட்டி என்றால், கிரைலோவ் நான்தான். காரில் போனால் குமட்டும், போய்ச் சேர்ந்தால் ஊசி குத்துவார்கள். மிளகின் கணக்கில் இரண்டுக்கும் முன்னால் வருகிற ஆள் நான். வேறு எங்காவது அவளைக் காரில் கூட்டிப் போயிருக்கிறேனா என்று யோசித்தேன். கடற்கரைக்கு ஒருமுறையும் போகவில்லை.

அச்சம் எவ்வளவு நாள் தங்கும் என்பதைப் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் கண்டது, அதுவும் திட்டமிடாமல். 1924 செப்டம்பர் 23 அன்று நேவா ஆறு பெருகி லெனின்கிராடை மூழ்கடித்தது. நாய்க்கொட்டடியில் தண்ணீர் ஏறியது. கூண்டுக் கதவுகள் தாழ்வாக இருந்ததால் ஊழியர்கள் நாய்களைத் தண்ணீருக்குள் அமுக்கி இழுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நாய்கள் பிழைத்தன. ஆனால் சில நாய்கள் அதுவரை கற்றிருந்ததையெல்லாம் மறந்துவிட்டன. வாரக்கணக்கில் பழக்கித்தான் மீட்டார்கள். பிறகு ஒருநாள் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டுப் பார்த்தார்கள். அச்சம் மொத்தமும் திரும்பி வந்தது.

ஆக மிளகிடம் இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கீழே காதின் கோளாறு, மேலே நினைவின் கோளாறு. நான் வாந்தியை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

பாவ்லோவின் மாணவர்களில் ஒருவர் போரிஸ் பாப்கின். 1922இல் சோவியத் அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. கடைசியில் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வந்து நிலைத்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது படைகளுக்கு ஒரு அவசரக் கேள்வி இருந்தது. கப்பலில் குமட்டிச் சுருண்டு கிடக்கிற சிப்பாய் கரையில் இறங்கி எப்படிச் சண்டை போடுவான்? பாப்கினும் உடன் பணியாற்றியவர்களும் நாய்களை ஊஞ்சலில் ஏற்றினார்கள்.

ஊஞ்சல் என்றால் நமக்கு மாங்கிளையும் திருமண வீடும் ஞாபகம் வரும். இந்த ஊஞ்சல் வாந்தி வருகிறவரை நிற்காது. எல்லா நாய்களுக்கும் வரவில்லை. எந்த நாய்க்கு எளிதில் வருமோ அதைப் பொறுக்கி எடுத்து மறுபடி மறுபடி ஆட்டுவதுதான் இந்த ஆய்வுகளின் வழக்கம். ஆடும்போது இரைப்பையின் அசைவு அடங்கிவிடுகிறது என்று பாப்கின் 1943இல் எழுதினார். கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு நாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடு போடாதீர்கள் என்று இன்றும் மருத்துவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதே உடலியல்தான்.

1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரர்களிடம் கடல்நோய்க்கான மாத்திரைகள் இருந்தன. அப்படியும் பலர் வாந்தி எடுத்துக்கொண்டேதான் இறங்கினார்கள்.

போர் முடிந்ததும் ஊஞ்சல் நிற்கவில்லை. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃபிலிப் பார்டும் அவருடைய குழுவும் நாயின் மூளையில் ஒவ்வொரு பகுதியாக அகற்றி, மறுபடி ஆட்டிப் பார்த்தார்கள். பெருமூளையின் புறணியை எடுத்த பிறகும் வாந்தி வந்தது. சிறுமூளையின் அடியில் ஒரு சின்னப் பகுதியை எடுத்ததும் நின்றுவிட்டது. 1947இல் அது வெளியானது. நாயை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எந்தக் கம்பி எங்கே போகிறது என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதே ஆண்டு, இதே நிறுவனத்தில், வேறொரு அறையில் மருந்து தானாக வந்து நின்றது. தோல் தடிப்புக்காக ஒரு புது மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட பெண், டிராமில் வரும்போது எப்போதும் வருகிற குமட்டல் இப்போது வருவதில்லை என்றார். மருத்துவர்கள் கேயும் கார்லினரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். 1947 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனி போன படைக்கப்பலில் சிப்பாய்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பலித்தது. ட்ராமமின் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன மருந்து அதுதான். ஒரு பெண் வாய் திறந்து சொன்னார், மருத்துவர்கள் கேட்டார்கள். ஊஞ்சல் நாய்க்கு அந்த வசதி இல்லை.

*

இப்போது மாஸ்கோ. சோவியத் விண்வெளி மருத்துவர்களுக்குத் தேவைப்பட்டது சின்ன நாய். கலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் எடை ஆறேழு கிலோவைத் தாண்டக் கூடாது. கழிவை அகற்றும் கருவியைப் பொருத்தச் சுலபம் என்பதால் பெட்டை நாய்களை விரும்பினார்கள். கேமராவில் தெரிய வெளிர்நிறம் நல்லது. குளிரும் பசியும் பழகிய தெருநாய் என்றால் இன்னும் நல்லது. எடையிலும் பாலிலும் மிளகு தேறிவிடுவாள், நிறம்தான் கறுப்பு. அந்தப் பட்டியலைப் படித்தபோது என்னையறியாமல் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

1951 ஜூலை 22 அன்று டெசிக், ட்சிகான் என்ற இரண்டு நாய்கள் ராக்கெட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரம் போய் உயிரோடு இறங்கின. ஒரு வாரத்தில் டெசிக்கை இன்னொரு நாயோடு மறுபடி அனுப்பினார்கள். பாராசூட் விரியவில்லை. ட்சிகான் மட்டும் இனி பறக்க வேண்டாம் என்று விஞ்ஞானி பிளகோன்ராவோவ் அதைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார்.

லைக்காவின் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். எனக்குத் தெரியாமல் இருந்தது, கிளம்புவதற்கு முன்னால் நடந்த பகுதி. ஸ்புட்னிக் 2க்கான நாய்களை வரவரச் சிறிதாகும் கூண்டுகளில் 20 நாள் வரை பழக்கினார்கள். நாய்கள் தவித்தன, சிறுநீரும் மலமும் கழிப்பதையே நிறுத்திக்கொண்டன. மலமிளக்கி கொடுத்தும் பலனில்லை. நீண்ட நாள் பழக்குவது ஒன்றுதான் பலித்தது. ராக்கெட்டின் இரைச்சலை ஒலிக்கவிட்டார்கள், சுழலும் எந்திரத்தில் உட்காரவைத்தார்கள். பயண அச்சத்தைப் போக்க இன்று நமக்குச் சொல்லித்தருகிற படிப்படியான பழக்கலின் சாயல் இதில் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், அந்தக் கலம் திரும்பி வருவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. பழக்கியவர்களுக்கு அது தெரியும்.

மருத்துவர் யாஸ்டோவ்ஸ்கி, கிளம்புவதற்கு முன்னால் லைக்காவைத் தன் பிள்ளைகளோடு விளையாட வீட்டுக்கு அழைத்துப் போனார். ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1957 நவம்பர் 3 அன்று ராக்கெட் கிளம்பியது. நிமிடத்துக்கு 103ஆக இருந்த நாடித்துடிப்பு 240க்கு ஏறியது. எடையின்மைக்கு வந்து 3 மணி நேரம் கழித்துத்தான் 102க்கு இறங்கியது. தரையில் சுழற்றிப் பார்த்தபோது ஆனதைப்போல இது மூன்று மடங்கு நேரம். கிளம்பிய சில மணி நேரத்தில் கலத்துக்குள் வெப்பம் ஏறி லைக்கா இறந்துபோனாள். வலியில்லாமல் பல நாள் கழித்து இறந்ததாகச் சொல்லிவந்தார்கள். உண்மை 2002இல்தான் பொதுவில் வந்தது. அந்த மரணத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு அந்தப் பயணத்தில் எதையும் கற்கவில்லை என்று, திட்டத்தில் இருந்த ஒலெக் கஸென்கோ 1998இல் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் திரும்பி வந்தவர்கள். 1960 ஆகஸ்ட் 19 அன்று கிளம்பி, ஒருநாளுக்கு மேல் பூமியைச் சுற்றிவிட்டு மறுநாள் உயிரோடு இறங்கினார்கள். கலத்துக்குள் கேமரா இருந்தது. முதலில் இருவரும் அசையாமல் கிடந்தார்கள். நான்காவது சுற்றில் பெல்கா வார்ப்பட்டைகளோடு மல்லுக்கட்டினாள். பிறகு வாந்தி எடுத்தாள்.

திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்து ஒரு மனிதரை அனுப்பவிருந்தார்கள். எடையின்மை உடம்பை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. முதல் மனிதரை ஒரு சுற்றுக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்ல பெல்காவின் வாந்தி ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடத்தில் ஒரே ஒரு சுற்று முடித்து இறங்கினார். அவ்வருடம் ஆகஸ்டில் 17 சுற்று போன கெர்மான் தீத்தோவுக்குக் குமட்டிவிட்டது. விண்வெளியில் பயணநோய் கண்ட முதல் மனிதர் அவர். பெல்கா ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

உள்காதுக்கு எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போனால் இப்படி ஆகும் என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள். என் பின்சீட்டில் நடப்பதும் பூமிக்கு மேலே நடந்ததும் ஒரே குடும்பம்.

அன்றிரவு இதை மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ககாரினைக் கேட்டிருப்பாங்கல்ல, போறியான்னு?" என்றாள்.

*

நாய்களை இவ்வளவு ஆட்டிய பிறகு நாய்க்கு என்ன கிடைத்தது? நீண்ட காலம், மனிதருக்கு வந்த மருந்தில் ஒரு பங்கு. ட்ராமமின் நாய்க்கும் கொடுக்கப்பட்டது. நாயின் பயண வாந்திக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து 2007இல்தான் வந்தது. பெயர் மாரோபிடன்ட். அது தடுக்கும் வேதிப்பொருளை வான் ஆய்லரும் காடமும் குதிரையின் குடலிலும் மூளையிலும் கண்டெடுத்தது 1931இல், ஸ்யோபெர்க் தன் நாய்களைப் பற்றி எழுதிய அதே ஆண்டில். பதிவுகளைப் புரட்டும்போது இப்படிச் சில பொருத்தங்கள் கிடைக்கும், அவற்றுக்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்த வகை மருந்தை மனிதரின் பயணக் குமட்டலுக்குச் சோதித்த ஆரம்ப ஆய்வுகளில் அது பலிக்கவில்லை. நமக்காக நாயை ஆட்டத் தொடங்கிய வரலாறு, நாய்க்கென்றே வந்த ஒரு மாத்திரையில் வந்து நிற்கிறது.

டாக்டரம்மா அதைத்தான் எழுதிக்கொடுத்தார். "தூங்கவே வெச்சுட முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஹார்ட் கேஸ் சார், நாமளா எதையும் குடுக்கக் கூடாது. இது வாந்தியை நிறுத்தும். பயத்துக்கு இது கேக்காது. பயத்துக்கு நீங்கதான் டைம் குடுக்கணும்."

மாத்திரை வேலை செய்தது. அடுத்த மாதம் வாந்தி இல்லை. நடுக்கமும் எச்சிலும் அப்படியே இருந்தன. காது சரியாகிவிட்டது, லெனின்கிராட் வெள்ளம் இன்னும் வடியவில்லை.

அந்த வரலாற்றை வெறுத்துவிட்டு நகர எனக்கு வழியில்லை. அந்த நாய்களின் கூலியைத்தான் மிளகு தினமும் வாங்குகிறாள். அவளுக்குப் புரியாத ஒரு நன்மைக்காக, அவளைக் கேட்காமல், கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறவன் நான். யாஸ்டோவ்ஸ்கியும் நல்லவராகத்தான் இருந்திருப்பார். எனக்கு இருக்கிற ஒரே வசதி, என் கார் திரும்பி வருகிற கார். இதுவரை மிளகுக்கு அதை நான் சொல்லவே இல்லை.

அதனால் இப்போது பாவ்லோவைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறோம். சாவியை எடுப்பேன், எங்கும் போக மாட்டேன், மறுபடி மாட்டிவிடுவேன். ஒரு வாரம் இதுதான். அடுத்து நிற்கிற காரின் கதவைத் திறந்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து வேகவைத்த கோழித் துண்டு. பிறகு பின்சீட்டில் அவளுடைய பழைய போர்வை விரித்த கூடை, அதை பெல்ட்டால் கட்டி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, என்ஜினை ஓடவிட்டு, நகராமல் இரண்டு நிமிடம். எச்சில் ஒழுகினால் ஒரு படி பின்னால் போக வேண்டும். முதல் வாரத்தில் நான் அவசரப்பட்டு ஒரே நாளில் மூன்று படி போனேன், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. "ரிலீஸ் டேட்டு இருக்கா உனக்கு?" என்று கேட்டாள் மனைவி.

போன ஞாயிறு தெருமுனை வரை ஓட்டினேன். முந்நூறு மீட்டர் இருக்கும். டீக்கடை முன்னால் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு, அப்படியே திரும்பிவிட்டோம். வாய் ஓரம் கொஞ்சம் ஈரம் இருந்தது, நடுக்கம் குறைவு. வீட்டு வாசலில் கதவைத் திறந்ததும் குதித்து இறங்கி உள்ளே ஓடினாள். பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து, காரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த பரிசோதனைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதற்குள் 14 கிலோமீட்டர் போய்ச் சேர மாட்டோம். மாதம் ஒருமுறை பயப்படத்தான் போகிறாள். ஆனால் மீதி நாட்களில் அந்தக் கார் டீக்கடைக்கும் போகும்.